கம்பி அதிரும், காந்தம் கேட்கும்

கார்த்திகைத் தீபத் திருவிழா நாட்களில் திருவண்ணாமலை மாட வீதிகளில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் நாகஸ்வரமும் தவிலும் முழங்கிக்கொண்டு போகும். ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த குழலும் வாசிப்பவரின் மூச்சும்தான் அங்கே முதல். மின்சாரம் இல்லாமலே வீதியின் கடைசி வீட்டுத் திண்ணைக்கும் நாதம் போய்ச் சேர்ந்துவிடும். தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் மேடை போட்டு நடக்கும் பாட்டுக் கச்சேரிகளில் ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரும் இருக்கும். அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தபலாக்காரருக்குக்கூட அது சரியாகக் கேட்காது.

ஒரே ஆள், ஒரே விரல், ஒரே பாட்டு என்றாலும் கிட்டாருக்குக் கிட்டார் டோன் மாறுகிறது. ஒன்று கணீரென்று ஒலிக்கிறது. இன்னொன்று தடித்து, உருண்டு ஒலிக்கிறது. வேறொன்றில் மேல் சுரங்கள் கீச்சிடுகின்றன. எந்தப் பாகம் இதைச் செய்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் மரத்தைத்தான் காட்டுவார்கள். இயற்பியல் வேறு விடை சொல்கிறது. டோனைத் தீர்மானிக்கும் வரிசையில் மரத்துக்கும் இடம் உண்டு. ஆனால் அது கடைசி வரிசை. முன்வரிசையில் இருப்பவை எவை, ஏன் என்பதைக் கம்பியில் தொடங்கி ஸ்பீக்கர் வரை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சத்தம் போடாத உடம்பு

எலெக்ட்ரிக் கிட்டாரில் பரவலாகப் போடப்படும் மெல்லிய முதல் கம்பியின் குறுக்களவு 0.23 மில்லிமீட்டர். அவ்வளவு ஒல்லியான கம்பி எத்தனை வேகமாக அதிர்ந்தாலும் காற்றைத் தள்ள முடியாது. காற்று அதன் இரு பக்கமும் வழுக்கிப் போய்விடும். அதனால் கம்பி வாத்தியம் எதுவானாலும் காற்றைத் தள்ளித் தர அகலமான ஒரு பரப்பு வேண்டும். வீணையில் அந்த வேலையைக் குடத்தின் மேல்பலகை செய்கிறது. தஞ்சாவூர் வீணை செய்பவர்கள் விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் இடையில் உள்ள பண்ருட்டியின் பலா மரத்தை நாடுவது அந்தக் குடத்துக்காகத்தான். கட்டையைக் குடைந்து, சுவரை மெல்லிசாக்கி, கம்பியின் அதிர்வு குதிரை வழியாகப் பலகைக்கு இறங்கும்படி செய்கிறார்கள். அங்கே மரமே பாடுகிறது. மரம் மாறினால் நாதம் மாறத்தான் செய்யும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கம்பியை மீட்டும்போது விரல் கொடுக்கும் ஆற்றல் ஓர் அளவுக்குட்பட்டது. அந்த ஆற்றலைப் பலகை எவ்வளவு வேகமாக வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கிறதோ, அவ்வளவு உரக்க வாத்தியம் ஒலிக்கும். அவ்வளவு சீக்கிரம் கம்பி அடங்கியும் போகும். உரக்க ஒலிப்பதும் நெடுநேரம் ஒலிப்பதும் ஒரே சேமிப்பிலிருந்து எடுக்கும் இரண்டு செலவுகள்.

எலெக்ட்ரிக் கிட்டார் முதல் செலவை மின்சாரத்தின் தலையில் போட்டுவிட்டது. குடையாத கனமான கட்டையின் மேல், குதிரைக்குப் பதிலாக உலோக பிரிட்ஜ் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. எடை குறைந்த கம்பியில் ஓடிவரும் அலை அந்தக் கனத்தில் மோதி, ஏறக்குறைய முழுவதும் கம்பிக்கே திரும்புகிறது. அதிர்வு கம்பிக்குள்ளேயே தங்குவதால் சுரம் நீண்டு நிற்கிறது. உரக்கச் சொல்லும் பொறுப்பு ஆம்ப்ளிஃபயருடையது.

உடம்பு பாட வேண்டியதில்லை என்பதை வரலாறும் சொல்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் 1931இல் உருவாக்கிய முன்மாதிரி மரத்தில் இருந்தது. 1932இல் விற்பனைக்கு வந்த கிட்டாரோ அலுமினிய வார்ப்பு. வட்ட உடம்பும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு 'வறுசட்டி' என்றே செல்லப்பெயர் வந்தது. கடைக்கு வந்து நிலைத்த முதல் எலெக்ட்ரிக் கிட்டாரின் உடம்பில் மரமே கிடையாது. மரக் கட்டையில் திடமான கிட்டார்களை லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1950இலும் கிப்ஸன் நிறுவனம் 1952இலும் சந்தைக்குக் கொண்டுவந்தன. அறுப்பதற்கும் இழைப்பதற்கும் மரம் வசதியாக இருந்தது, பார்க்கவும் அழகாக இருந்தது. ஒலியை உண்டாக்க அது தேவைப்படவில்லை.

ஸ்ரீனிவாஸ் மாற்றிய மாண்டலின்

திடமான உடம்பால் என்ன லாபம் என்பதை நம் காதுக்கு மிகத் தெளிவாகக் காட்டியவர் மாண்டலின் ஸ்ரீனிவாஸ். 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்த அவர் 1981இல் சென்னையில் முதல்முறையாகக் கச்சேரி செய்தார். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பயின்றவர். மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். அவர் பாடிக் காட்டுவார், சிறுவன் அதைக் கம்பியில் தேடிப் பிடிப்பான். வாய்ப்பாட்டின் வளைவுகள் அத்தனையும் அந்தச் சின்ன வாத்தியத்தில் வர வேண்டியிருந்தது இதனால்தான்.

மரபான மாண்டலினில் 8 கம்பிகள், இரண்டிரண்டாக 4 ஜோடிகள். உள்ளே குடைந்த உடம்பு. மீட்டியதும் பளிச்சென்று ஒலித்து உடனே அடங்கிவிடும். அதனால்தான் மேலைநாட்டு மாண்டலின்காரர்கள் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி நீட்டுகிறார்கள். கர்நாடக இசைக்கு இது ஆகாது. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்கும்போது ஒரு மீட்டு, அதிலிருந்து பிறக்கும் பல அசைவுகள் என்று போகிறது. அசைவு முடிவதற்குள் கம்பி அடங்கிப்போனால் ராகமே அங்கே நின்றுவிடும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் இழுவிசை கூடிச் சுருதி ஏறும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே ஒரு முழுச் சுரம், அதாவது சுமார் 12 சதவீதம் அதிர்வெண் ஏற வேண்டுமானால், இழுவிசை 26 சதவீதம் ஏற வேண்டும். ஜோடிக் கம்பிகளில் இரண்டையும் ஒரே அளவு இழுத்தால்தான் சுருதி சேர்ந்து நிற்கும். கொஞ்சம் பிசகினாலும் இரண்டும் இரண்டு சுரமாகப் பிரிந்துவிடும்.

ஸ்ரீனிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டார். ஜோடிகளை நீக்கி ஒற்றைக் கம்பிகளாக்கினார். கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவது கம்பியைச் சேர்த்தார். திடமான உடம்பு நீண்ட நாதத்தைக் கொடுத்தது, ஒற்றைக் கம்பி கமகத்தைக் கொடுத்தது, கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பும் ஆம்ப்ளிஃபயரும் சபை முழுக்கக் கேட்கும் ஒலியைக் கொடுத்தன. 2014இல் அவர் மறையும்வரை உலக மேடைகளில் ஒலித்த அந்த நாதம் இந்த மாற்றங்கள் இல்லாமல் பிறந்திருக்க முடியாது. இதே வழியில் எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசையைக் கொண்டுவந்த பிரசன்னா ராணிப்பேட்டையில் பிறந்தவர்.

கம்பி எதனால் ஆனது?

திருவண்ணாமலை ரமணர் மீது 'ரமண மாலை' இசைத் தொகுப்பைத் தந்த இளையராஜா, இசையமைப்பாளராகும் முன்பு கிட்டார் கலைஞராக இருந்தவர்; லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். கிளாசிக்கல் கிட்டாரில் போடுவது நைலான் கம்பி. அந்தக் கம்பிக்கு அடியில் எலெக்ட்ரிக் கிட்டாரின் காந்த பிக்கப்பை வைத்தால் எதுவும் கேட்காது. காந்தம் கவனிக்கும் உலோகமாக இருந்தால்தான் கம்பிக்கு அங்கே குரல் உண்டு.

எனவே எலெக்ட்ரிக் கிட்டாரின் மெல்லிய மூன்று கம்பிகள் பெரும்பாலும் எஃகு. தடித்த மூன்றில் உள்ளே எஃகு நரம்பு, அதைச் சுற்றி நிக்கல் பூசிய எஃகு இழை. சுற்றிழை முழு நிக்கலாக இருந்தால் ஒலி கொஞ்சம் மென்மையாகும். சாதாரண கிட்டாரின் வெண்கல இழைக் கம்பியைப் போட்டால், வெண்கலத்தைக் காந்தம் கண்டுகொள்ளாது. உள்ளிருக்கும் எஃகு நரம்பை மட்டும் கேட்டு, கீழ்க் கம்பிகளை மெலிதாக ஒலிக்கச் செய்யும்.

பழைய கம்பிக்கும் புதிய கம்பிக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் காதால் உணரலாம். சித்திரை வெயிலில் வாசிப்பவரின் விரல் வியர்வையும் உப்பும் அழுக்கும் சுற்றிழைகளின் இடுக்கில் இறங்குகின்றன. இழைகள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்னத் தொடங்குகின்றன. உச்ச அதிர்வெண்கள் முதலில் போகும். கம்பி மங்கலாக ஒலிக்கும். டோன் கெட்டுவிட்டது என்று புதுக் கிட்டார் தேடுபவர்களில் பலருக்குத் தேவைப்படுவது ஒரு செட் புதுக் கம்பிதான்.

ராமனின் 1921ஆம் ஆண்டுக் கட்டுரை

கம்பி ஒரே நேரத்தில் பல விதமாக அதிர்கிறது. முழு நீளமும் ஒன்றாக ஆடுவது அடிப்படை அதிர்வு. கூடவே இரண்டு பாதியாக, மூன்று பகுதியாக, நான்கு பகுதியாகவும் ஆடுகிறது, அவை சீரிசைகள். பகுதியும் பகுதியும் சேரும் இடத்தில் கம்பி அசையாமல் நிற்கும், அது கணு. எந்தச் சீரிசை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைத்தான் நம் காது டோன் என்று உணர்கிறது.

கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் கணு உள்ள சீரிசைகள் பிறப்பதில்லை. இது தாமஸ் யங் பெயரால் வழங்கும் விதி. திருச்சியில் பிறந்து கல்கத்தாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த சி.வி. ராமன், 1921இல் இந்தியக் கம்பி வாத்தியங்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். வீணையும் தம்புராவும் இந்த விதிக்கு அடங்கவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். கணுவில் மீட்டினாலும் அந்தச் சீரிசை அவற்றில் நன்றாகவே ஒலிக்கிறது. காரணம் குதிரை. அதன் தலை அகலமாகவும் சற்றே வளைந்தும் இருப்பதால், அதிரும் கம்பி அந்தப் பரப்பைத் தொட்டும் விலகியும் புதுச் சீரிசைகளை ஓயாமல் பிறப்பிக்கிறது. தம்புராவில் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே பருத்தி நூல் வைத்து நாதத்தைக் கூட்டுவதும் இந்தத் தொடுகையைச் சரிசெய்யத்தான்.

கிட்டார் பிரிட்ஜில் கம்பி உட்காரும் விளிம்பு குறுகலானது. அங்கே கம்பி சட்டென்று முடிகிறது. அதனால் கிட்டார் யங் விதிக்கு ஒழுங்காகக் கட்டுப்படுகிறது. அந்த விளிம்பு தேய்ந்து தட்டையானால் கிட்டாரிலும் வீணையின் ரீங்காரம் எட்டிப் பார்க்கும். ஒற்றைச் சுரம் கேட்க வேண்டிய இடத்தில் அது பழுது. கழுத்தின் மறுமுனையில் உள்ள நட்டின் வெட்டும் இதே காரணத்துக்காகச் சுத்தமாக இருக்க வேண்டும்.

இனி பிக்கப்புக்கு வருவோம். மீட்டும் இடத்துக்குப் பொருந்தும் விதி கேட்கும் இடத்துக்கும் பொருந்தும். பிக்கப்புக்கு நேர் மேலே எந்தச் சீரிசைக்குக் கணு அமைகிறதோ, அதை பிக்கப் கேட்காது. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதிரும் கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். கழுத்தை ஒட்டிய பிக்கப், பிரிட்ஜிலிருந்து சுமார் 162 மில்லிமீட்டரில் இருக்கிறது. அதாவது நீளத்தில் கால் பங்கு. கம்பியை அழுத்தாமல் மீட்டினால் நான்காம் சீரிசைக்கும் எட்டாம் சீரிசைக்கும் அங்கே கணு. அவை பிக்கப்பின் காதில் விழுவதில்லை. அடிப்படை அதிர்வோ அதன் முழு வீச்சில் 71 சதவீதம் அங்கே கிடைக்கிறது. டோன் தடித்து, உருண்டு வருகிறது.

பிரிட்ஜை ஒட்டிய பிக்கப் சுமார் 41 மில்லிமீட்டரில் இருக்கிறது. அங்கே அடிப்படை அதிர்வு 20 சதவீதம்தான் கிடைக்கிறது; எட்டாம் சீரிசையோ ஏறக்குறைய முழு வீச்சில் இருக்கிறது. அதனால் டோன் கூர்மையாக, வெட்டுவதுபோல வருகிறது. கம்பி, மரம், விரல் எல்லாம் அப்படியே இருக்க, சில அங்குலம் நகர்ந்ததில் இத்தனை மாற்றம்.

கிட்டார் வைத்திருப்பவர்கள் இதைக் கையோடு சோதிக்கலாம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்துங்கள். இப்போது அதிரும் நீளம் 324 மில்லிமீட்டர். கழுத்து பிக்கப் அதன் சரிபாதியில் வந்துவிட்டது. இரண்டாம் சீரிசைக்கு அங்கே கணு. அதன் இரட்டைப்படை உறவுகள் எல்லாமே வலுவிழக்கின்றன. புல்லாங்குழலை நினைவூட்டும் மெல்லிய, உள்ளீடற்ற ஒலி கேட்கும். அப்படியே ஸ்விட்சைத் தள்ளி பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாறினால் பளபளப்பு திரும்பிவிடும்.

காந்தமும் செம்புச் சுருளும்

பிக்கப்பின் வேலை 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல். ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு காந்தத் துண்டு. அது எஃகுக் கம்பியையும் சற்றே காந்தமாக்குகிறது. கம்பி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் கூடிக் குறைந்து, சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. சுருளின் செம்புக் கம்பி 0.063 மில்லிமீட்டர் தடிமன். நம் தலைமுடியின் பருமன்தான். அதை சுமார் 8,000 சுற்றுகள் சுற்றுகிறார்கள்.

சுற்றுகளைக் கூட்டினால் மின்னழுத்தம் கூடும். கூடவே சுருளின் தன் மின்தூண்டல் எண்ணும் கூடும். அது உயர் அதிர்வெண்களுக்குத் தடையாக நிற்கும். 'அதிக அவுட்புட்' என்று விற்கப்படும் பிக்கப்புகள் ஒலியில் கொஞ்சம் இருண்டு போவது இதனால்தான். காந்தத்தின் வகையும் கம்பிக்கும் அதற்கும் உள்ள தூரமும் சேர்ந்து வேலை செய்கின்றன. பிக்கப்பை அதிகம் உயர்த்திவிட்டால் காந்தம் கம்பியைத் தன் பக்கம் இழுக்கும். சுருதி அலையும், நாதத்தின் நீளம் குறையும். ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருகி 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் அந்தக் கோளாறு போய்விடும். செலவே இல்லாத இந்த வேலை, விலை உயர்ந்த மரம் தராத மாற்றத்தைத் தரும்.

திருவிழா மேடையில் ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. மேடையைச் சுற்றி சீரியல் செட், டிம்மர் விளக்குகள், மின்மாற்றிகள். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறிப் பாய்கிறது. அதைச் சுற்றிய காந்தப்புலமும் அப்படியே மாறுகிறது. எந்தப் புலமானாலும் பிக்கப்பின் சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும். 'ம்ம்ம்' என்ற அந்த உறுமல், 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்.

கிப்ஸன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955இல் இதற்கான தீர்வுக்குக் காப்புரிமை கோரினார். இரண்டு சுருள்கள் அருகருகே. ஒன்றுக்கொன்று எதிர்த்திசை இணைப்பு. காந்த முனைகளும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் ஒரே மாதிரி பிறந்து, எதிர் இணைப்பால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. கம்பியின் அதிர்வுக்கோ காந்தமும் மாறி இணைப்பும் மாறியிருப்பதால் இரண்டும் கூடிவிடுகின்றன. இதுதான் ஹம்பக்கர். கம்பியை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் கேட்பதாலும் தன் மின்தூண்டல் எண் கூடுவதாலும், அதன் ஒலி தடித்தும் மென்மையாகவும் இருக்கிறது. உறுமலைத் தீர்க்க வந்த ஒரு மின்னியல் ஏற்பாடு, ராக் இசையின் குரலையே மாற்றிவிட்டது.

ஒயரும் மிக்ஸரும்

பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. பிக்கப்பின் சுருளும் ஒயரின் மின்தேக்குத் திறனும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுச் சுற்று ஆகின்றன. ஏதோ ஓர் அதிர்வெண்ணில் அது ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். அதற்கு மேல் உள்ளவற்றை வெட்டிவிடும். அந்தச் சிகரம் எங்கே விழுகிறது என்பதே கிட்டாரின் பளபளப்பைத் தீர்மானிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் தன் மின்தூண்டல் எண் 2.5 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். ஒயருக்கு மீட்டருக்கு 100 பைக்கோ ஃபாரட், பிக்கப்புக்குள் 100 பைக்கோ ஃபாரட். 5 மீட்டர் ஒயரில் சிகரம் சுமார் 4,100 ஹெர்ட்ஸில் விழுகிறது. மேடை பெரிதாக இருக்கிறது என்று 10 மீட்டர் ஒயர் போட்டால் அது 3,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதி இது. மாற்றம் தெளிவாகவே கேட்கும். 4.5 ஹென்றி ஹம்பக்கருக்கு 5 மீட்டர் ஒயரிலேயே சிகரம் 3,100 ஹெர்ட்ஸ் அளவில்தான். ஆகவே இரண்டு மடங்கு நீள ஒயர் ஒற்றைச் சுருளை ஹம்பக்கரின் எல்லைக்குக் கொண்டுபோய் விடுகிறது.

வால்யூம் குமிழின் மின்தடையும் இதில் சேரும். ஒற்றைச் சுருளுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் போடுவார்கள். தடை குறைந்தால் சிகரம் தணியும். டோன் குமிழைத் திருகினால் ஒரு மின்தேக்கி உயர் அதிர்வெண்களைத் தரைக்கு இறக்கிவிடுகிறது.

சிறிய மேடைகளில் கிட்டாரை நேரே மிக்ஸரில் செருகிவிடும் வழக்கம் உண்டு. கிட்டார் ஆம்ப்பின் உள்ளீட்டு மின்தடை சுமார் 10 லட்சம் ஓம். மிக்ஸரின் சாதாரண லைன் உள்ளீடு 10,000 ஓம் அளவில் இருக்கும். 6,000 ஓம் மின்தடை கொண்ட அதே பிக்கப்பை அதில் இணைத்தால், சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயே ஒலி சரியத் தொடங்குகிறது. சிகரம் இருந்த இடமே காணாமல் போகும். நடுவில், உள்ளீட்டு மின்தடை அதிகமான ஒரு டி.ஐ. பாக்ஸ் வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் கேட்டாலே கிடைக்கும். அது இல்லாமல் வாசித்துவிட்டு, கிட்டார் மட்டம் என்று ஒதுக்குவது அந்த வாத்தியத்துக்குச் செய்யும் அநியாயம்.

ஸ்பீக்கரும் ஒரு பாகம்தான்

கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் 10 அல்லது 12 அங்குலம். அதில் உயர் அதிர்வெண்களுக்குத் தனி ட்வீட்டர் கிடையாது. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது வேகமாக ஓய்ந்துவிடும். குறைபாடாகத் தெரியும் இந்த ஓய்வுதான் எலெக்ட்ரிக் கிட்டாரின் பழகிய குரல்.

ஆம்ப்ளிஃபயரைத் தாங்கும் அளவுக்கு மேல் தள்ளும்போது அலையின் முடியும் அடியும் நசுங்கி, கம்பியில் இல்லாத சீரிசைகள் பிறக்கின்றன. அதைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம். வால்வு ஆம்ப்பில் இந்த நசுக்கல் மெல்ல மெல்ல ஏறும். சாதாரண டிரான்சிஸ்டர் சுற்றில் சட்டென்று வெட்டும். அப்படிப் பிறந்த கூர்மையான சீரிசைகளில் காதைக் குத்துபவற்றை ஸ்பீக்கர் வடிகட்டிவிடுகிறது. ட்வீட்டர் உள்ள பெரிய பாக்ஸில் டிஸ்டார்ஷன் பெடலை நேரே இணைத்தால் ஒலி தேனீக் கூட்டமாய் இரைவது அந்த வடிகட்டி இல்லாததால்தான்.

மரத்துக்கு உரிய இடம்

மரத்துக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. அது வேறு வழியில் வருகிறது. காந்த பிக்கப் மரத்தைக் கேட்பதில்லை. தனக்கு மேல் கம்பி எப்படி அசைகிறது என்பதை மட்டுமே கேட்கிறது. மரம் செய்யக்கூடியது, கம்பியின் அதிர்வில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்வது. கனத்த உடம்பு அதையும் அதிகம் செய்வதில்லை. நீண்டு மெலிந்த கழுத்து செய்யும்.

கழுத்துக்கென்று சில இயல்பான அதிர்வெண்கள் உண்டு. வாசிக்கும் சுரம் அவற்றில் ஒன்றோடு ஒத்துப்போனால், கம்பியின் ஆற்றல் கழுத்துக்குள் இறங்கி அந்தச் சுரம் மட்டும் சீக்கிரம் அடங்கிவிடும். வாசிப்பவர்கள் இவற்றை 'டெட் ஸ்பாட்' என்பார்கள். ஜெர்மனியின் ஆய்வாளர் ஹெல்முட் ஃப்ளைஷர் 1990களின் பிற்பகுதியில் கழுத்தின் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அதிர்வை அளந்து, கழுத்து எளிதில் அசையும் இடங்களிலேயே சுரம் சீக்கிரம் மடிகிறது என்று காட்டினார். இதைத் தீர்மானிப்பவை கழுத்தின் விறைப்பு, எடை, இணைப்பு ஆகியவை. ஒரே மரத்தின் இரண்டு துண்டுகள்கூட இதில் வேறுபடலாம். அதனால் மரத்தின் பெயரை வைத்து டோனை முன்கூட்டியே சொல்லிவிட முடியாது.

இது நம் காடுகளையும் தொடும் விஷயம். உலகெங்கும் கிட்டார்களின் விரல்பலகைக்குப் பயன்படும் 'இந்தியன் ரோஸ்வுட்' நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். பிரேசில் ரோஸ்வுட்டின் சர்வதேச வணிகம் 1992இல் தடைசெய்யப்பட்ட பிறகு நம் ஈட்டிக்குத் தேவை இன்னும் கூடியது. தமிழ்நாடு 1994இல் ஈட்டி மரங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே போட்டது. 2017இல் ஈட்டி சேர்ந்த பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது; 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஈட்டி உறுதியானது, அழகானது, விரலுக்கு இதமானது. இவை எல்லாம் உண்மை. எலெக்ட்ரிக் கிட்டாரின் டோனுக்கு அதை வெட்டியே தீர வேண்டும் என்பதற்கு மட்டும் இயற்பியலில் ஆதாரம் இல்லை. வளர்ந்து முதிர ஒரு மனித ஆயுளுக்கு மேல் எடுக்கும் மரத்தை, காந்தத்தின் காதில் விழாத ஒன்றுக்காக இழக்கலாமா என்பது வாத்தியம் செய்பவர்களும் வாங்குபவர்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

எதில் தொடங்குவது?

இவ்வளவையும் வரிசைப்படுத்தினால் இப்படி வருகிறது. முதலில் விரலும் மீட்டும் இடமும். அடுத்து கம்பி, பிக்கப்பின் இடம், வகை, உயரம். பிறகு குமிழ்கள், ஒயர், உள்ளீடு. அவற்றோடு சமமாக ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும். பிரிட்ஜும் நட்டும் சுரத்தின் சுத்தத்தைக் காப்பவை. கழுத்தின் விறைப்பு சில சுரங்களின் ஆயுளைத் தொடும். உடம்பு மரத்தின் வகை கடைசி.

நம் ஊர்களில் கிட்டார் கற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கையில் இருப்பது விலை குறைந்த கிட்டார். நல்ல மரக் கிட்டார் வாங்க வசதியில்லை, அதனால் நல்ல டோன் நமக்கு வாய்க்காது என்று அவர்களில் யாரும் நினைக்க வேண்டாம். புதுக் கம்பி போடுங்கள். பிக்கப் உயரத்தை ஒரு மாலை நேரம் ஒதுக்கித் திருகித் திருகிக் கேளுங்கள். நட்டின் வெட்டையும் பிரிட்ஜின் விளிம்பையும் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். ஒயரைச் சுருக்குங்கள், மேடையில் டி.ஐ. பாக்ஸ் கேளுங்கள். பிரிட்ஜுக்கு அருகே, கழுத்துக்கு அருகே, நடுவே என்று விரல் இடத்தை மாற்றி, எந்தச் சீரிசை வருகிறது, எது போகிறது என்று காதைப் பழக்குங்கள். மாண்டலினைக் கையில் எடுத்த ஒரு சிறுவன் ராகம் எதைக் கேட்டதோ அதற்கேற்பக் கம்பியையும் உடம்பையும் மாற்றிக்கொண்டான். எந்தப் பாகம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டவருக்கு அந்தச் சுதந்திரம் இன்றும் திறந்தே இருக்கிறது.